கோபம் வீட்டில், காரணம் வெளியில்

கட்ட வேண்டிய பில் ஒன்றைக் கணவர் கட்ட மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வேறொரு வாரமாக இருந்தால், "பாவம், ஆயிரம் வேலை, மறந்திருப்பார்" என்று மனைவி விட்டிருப்பார். இந்த வாரம் மனைவியின் அலுவலகத்தில் ஆள்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. அம்மாவுக்கு வேறு உடம்பு சரியில்லை. அதே மறதிக்கு இப்போது வேறு விளக்கம் கிடைக்கிறது: "இவருக்கு எப்பவுமே பொறுப்பு கிடையாது."

லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் புதுமணத் தம்பதிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. வெளியே நெருக்கடி ஏறிய காலத்தில் மனைவிகளின் கண்ணுக்கு மணவாழ்க்கையின் குறைகள் அதிகமாகப் பட்டன. அந்தக் குறைகளுக்குக் கணவரையே காரணமாகச் சொல்வதும் கூடியது. நெருக்கடி குறைந்திருந்த காலத்தில் "சரி, போகட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டவர்களும் இதே பெண்கள்தான். விட்டுக்கொடுக்க அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதற்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

வேலைப்பளு, கடன், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அலுப்பு இதெல்லாம் கண்முன்னே வந்து நிற்பதில்லை. கணவனோ மனைவியோ எதிரிலேயே நிற்கிறார். கண்ணில் படுகிறவர் மேல்தான் கோபம் பாயும். குடும்பங்களையும் நெருக்கடியையும் பற்றி முக்கால் நூற்றாண்டாக நடந்த ஆய்வுகளிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆய்வாளர்களும்கூட முதலில் ஆளைத்தான் பார்த்தார்கள். 1938-இல் லூயிஸ் டெர்மன் 792 தம்பதிகளை விசாரித்து, எந்தெந்தக் குணம் உள்ளவர்களுக்கு மணவாழ்க்கை நன்றாக அமைகிறது என்று கணக்கெடுத்தார். அந்தத் தம்பதிகளைச் சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. இத்தனைக்கும் அமெரிக்கா அப்போது பெருமந்தம் என்ற 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் இருந்தது.

அந்தக் கேள்வியைப் போர் கொண்டுவந்தது. ரூபன் ஹில் என்ற சமூகவியலாளர் அயோவா மாநிலத்தில் 135 குடும்பங்களை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் போன அப்பா திரும்பி வந்த குடும்பங்கள் அவை. பிரிவு கஷ்டம் என்பது எதிர்பார்த்ததுதான். திரும்பி வந்ததும் ஒரு கஷ்டமாக இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அப்பா இல்லாமலே வீட்டை நடத்தப் பழகியிருந்தவர்கள் அவருக்கு மறுபடி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. 1949-இல் ஹில் இதை ஒரு சூத்திரமாக்கினார். இன்றுவரை பாடப்புத்தகங்களில் அது 'ஏபிசி-எக்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. ஏ என்பது நடந்த சம்பவம். பி என்பது குடும்பத்தின் கையிருப்பு: பணம், உறவுகள், ஒற்றுமை, பழைய அனுபவம். சி என்பது நடந்ததைக் குடும்பம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது. இந்த மூன்றும் சேர்ந்துதான் எக்ஸ் என்ற நெருக்கடி உண்டாகிறதா இல்லையா என்று முடிவாகிறது. வேலை போவது ஒரே சம்பவம்தான். ஒரு வீட்டில் அது "கம்பெனி மூடிட்டாங்க", இன்னொரு வீட்டில் "உன்னால ஒரு வேலையில் நிலைக்க முடியல". இரண்டு வீடுகளும் போகும் பாதை வேறு.

சூத்திரத்தில் ஒரு குறை இருந்தது. சம்பவம் ஒன்று, அதற்கு விளைவு ஒன்று என்று அது எடுத்துக்கொண்டது. நிஜத்தில் துன்பம் தனியாக வருவதில்லை, பட்ட காலிலே படும். ஹாமில்டன் மெக்கபினும் ஜோன் பேட்டர்சனும் 1983-இல் இந்தக் குவிதலைச் சூத்திரத்துக்குள் சேர்த்தார்கள். நோய் வந்தால் செலவு வருகிறது, செலவால் கடன், கடனால் கூடுதல் வேலை, கூடுதல் வேலையால் பிள்ளையைக் கவனிக்க நேரமில்லை. கடைசியில் வெடிக்கிற சண்டை பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பற்றியதாக இருக்கும்.

புரிந்துகொள்ளவே முடியாத சம்பவங்களும் உண்டு. 1970-களில் பாலீன் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களைச் சந்தித்தார். உடல் கிடைக்கவில்லை, இறந்தார் என்ற செய்தியும் இல்லை. அழுது முடிக்கவும் முடியாது, காத்திருப்பதிலும் அர்த்தமில்லை. இதற்கு அவர் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். பிறகு அதன் மறுபக்கத்தையும் எழுதினார்: மறதிநோய் முற்றிய துணை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் பழைய ஆள் இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் சொந்தக்காரர்களுக்குள் சண்டை வருவது சகஜம். ஒருவர் நம்பிக்கையை விட்டுவிடுகிறார், இன்னொருவர் அதைத் துரோகமாகப் பார்க்கிறார். பாஸின் வாதம் எளிமையானது: இங்கே சிக்கல் குடும்பத்தின் குணத்தில் இல்லை, அவர்கள் மாட்டிக்கொண்ட நிலைமையே பைத்தியக்காரத்தனமானது.

பணம் பற்றிய ஆய்வுகள்தான் எனக்கு இதில் மிக வலுவானவையாகப் படுகின்றன. பெருமந்தக் காலக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை க்ளென் எல்டர் எடுத்து அலசினார். ஓக்லாந்தில் 1920, 1921-இல் பிறந்த 167 பேரைப் பற்றிய அவரது ஆய்வு 1974-இல் வந்தது. பிறகு பெர்க்லி நகரக் குடும்பங்களின் பழைய பதிவுகளை அவரும் ஜெஃப்ரி லைக்கரும் பார்த்தபோது ஒரு சங்கிலி தெரிந்தது. வருமானம் பெரிதாகச் சரிந்த வீடுகளில் பணச் சண்டை கூடியது. ஆண்கள் சிடுசிடுப்பாகவும் வெடிப்பவர்களாகவும் மாறினார்கள். மணவாழ்க்கை கெட்டது. மந்தத்துக்கு முன்பே உறவு உறுதியாக இருந்த வீடுகளில் அடி லேசாக விழுந்தது.

இதே கதை 1980-களில் அயோவாவின் பண்ணைகளில் திரும்ப நடந்தது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடன் வாங்கிய விவசாயிகளை, வட்டி ஏறி நில மதிப்பு சரிந்தபோது கடன் நெரித்தது. ராண்ட் காங்கரும் எல்டரும் சக ஆய்வாளர்களும் 1989-இல் 451 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். அப்பா, அம்மா, ஏழாம் வகுப்புப் பிள்ளை, அதன் உடன்பிறப்பு ஒன்று என்று ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பேர். வீட்டுக்கே போய் அவர்கள் பேசுவதைப் படம் பிடித்தார்கள். குறைந்த வருமானம் நேரடியாக மணவாழ்க்கையைத் தாக்குவதில்லை என்பது அவர்கள் கண்டது. வருமானக் குறைவு தினசரி உறுத்தலாக மாற வேண்டும்: கட்ட முடியாத பில், தள்ளிப்போடும் வைத்தியம், வெட்டிய செலவு. அந்த உறுத்தல் பெற்றோரின் மனத்தைச் சோர்வாகவும் எரிச்சலாகவும் ஆக்குகிறது. அது தம்பதிகளுக்குள் சண்டையாகிறது. சண்டை பிள்ளை வளர்ப்பைக் கடுமையாகவோ அலட்சியமாகவோ மாற்றுகிறது. கடைசிக் கண்ணியில் பிள்ளை. 'குடும்ப நெருக்கடி மாதிரிவடிவம்' என்று இதற்குப் பெயர்.

சங்கிலி அறுந்த வீடுகளும் இருந்தன. 1999-இல் வந்த அவர்களது ஆய்வில், ஒருவருக்கொருவர் ஆதரவாக இருந்த தம்பதிகளிடம் பண உறுத்தல் மனச்சோர்வாக மாறுவது குறைவாக இருந்தது. பிரச்சினையை உட்கார்ந்து பேசித் தீர்க்கத் தெரிந்தவர்களிடம் சண்டை பெரிய மனஸ்தாபமாக முற்றுவது குறைவாக இருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளைக்கார கிராமத்துக் குடும்பங்கள் என்பதை மறக்கக் கூடாது. இதே சங்கிலி பிறகு கறுப்பினக் குடும்பங்களிடமும் வேறு நாடுகளிலும் சோதிக்கப்பட்டு, பெரும்பாலும் தாங்கி நின்றது.

போரும் மந்தமும் பெரிய விஷயங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையில் என்ன நடக்கிறது? அதைப் பிடிக்கத்தான் நாட்குறிப்பு முறை வந்தது. நயல் போல்ஜரும் சக ஆய்வாளர்களும் 166 தம்பதிகளை ஆறு வாரங்களுக்கு ஒவ்வொரு நாளும் தனித்தனியே குறிப்பு எழுத வைத்தார்கள். 1989-இல் முடிவுகள் வந்தன. வேலையிடத்து நெருக்கடி வீட்டுக்கும் தொற்றுவது கணவன், மனைவி இருவரிடமும் இருந்தது. வீட்டு நெருக்கடியை வேலைக்குத் தூக்கிப்போவது ஆண்களிடம் அதிகமாக இருந்தது. இன்னொன்றையும் பார்த்தார்கள். கணவருக்கு வேலை அதிகமான நாளில் மனைவி வீட்டு வேலையைக் கூடுதலாக இழுத்துப்போட்டுச் செய்தார். மனைவிக்கு வேலை அதிகமான நாளில் கணவர் அப்படிச் செய்யவில்லை. நெருக்கடியைக் குடும்பம் தாங்குகிறது என்று பொதுவாகச் சொல்லும்போது, யாருடைய முதுகு தாங்குகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு ரீனா ரெபெட்டி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஆள் தேர்வு சாமர்த்தியமானது. பொதுவாக "இன்று வேலை அதிகமா?" என்று ஆளையே கேட்க வேண்டியிருக்கும். எரிச்சலில் இருப்பவர் எல்லாமே அதிகம் என்றுதான் சொல்வார். விமான நிலையத்தில் எத்தனை விமானம் வந்தது, அன்று வானிலை எப்படி என்பதற்குத் தனிப் பதிவேடே இருக்கிறது. கடுமையான நாளுக்குப் பிறகு வீடு திரும்பியவர்கள் கத்தவில்லை. ஒதுங்கினார்கள். பேச்சு குறைந்தது, ஈடுபாடு குறைந்தது. மனைவி அதைப் புரிந்துகொண்டு விட்டுக்கொடுத்த வீடுகளில் இந்த ஒதுங்கல் தெளிவாகத் தெரிந்தது, கோபமும் குறைந்திருந்தது. ஒரு மாலைக்கு இது நல்ல மருந்து. எல்லா மாலையும் இப்படியே போனால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. ஒருவர் பேசு பேசு என்று துரத்த, மற்றவர் மேலும் மேலும் ஒதுங்குகிற வட்டத்தை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்றவர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

சண்டை உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜேனிஸ் கீகால்ட்-கிளேசரும் அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசரும் சக ஆய்வாளர்களும் 42 தம்பதிகளை ஆய்வகத்தில் இரண்டு முறை ஒவ்வொரு நாள் தங்க வைத்தார்கள். முன்கையில் உறிஞ்சு கருவி வைத்துச் சிறு கொப்புளங்களை உண்டாக்கினார்கள். ஒரு முறை தம்பதிகள் ஆதரவாகப் பேசிக்கொள்ள வேண்டும். இன்னொரு முறை தங்களுக்குள் தீராத ஒரு தகராறைப் பேச வேண்டும். அப்புறம் கொப்புளங்கள் ஆறும் வேகத்தை அளந்தார்கள். தகராறு பேசிய முறை காயம் மெதுவாக ஆறியது. இரண்டு முறையும் ஒருவரையொருவர் குத்திப் பேசிய தம்பதிகளின் காயம், அப்படிப் பேசாதவர்களின் காயம் ஆறும் வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது. இது 2005-இல் வெளியானது.

அதற்கு அடுத்த ஆண்டு ஜேம்ஸ் கோன் என்பவர் எதிர்த்திசையைக் காட்டினார். மூளையைப் படமெடுக்கும் இயந்திரத்துக்குள் 16 மணமான பெண்கள். திரையில் ஒரு குறி வந்தால் கணுக்காலில் மின்அதிர்ச்சி விழ 20 சதவீத வாய்ப்பு. ஒரு சுற்றில் கணவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், ஒரு சுற்றில் முன்பின் தெரியாத ஓர் ஆணின் கை, ஒரு சுற்றில் யார் கையும் இல்லை. தெரியாதவர் கையே கொஞ்சம் உதவியது. கணவரின் கை நிறைய உதவியது. மணவாழ்க்கை எவ்வளவு திருப்தியோ அவ்வளவுக்கு மூளையின் அபாயப் பகுதிகள் அடங்கின. 16 பேர் சின்ன எண்ணிக்கைதான், அதிலும் நல்ல உறவில் இருந்தவர்களாகப் பார்த்து எடுத்தவர்கள். ஆனாலும் அந்தப் படங்கள் பலரை யோசிக்க வைத்தன.

துறையில் மிகப் பிரபலமான பெயர் ஜான் காட்மன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1986 முதல் தம்பதிகளை வீடு போலவே அமைத்த ஓர் ஆய்வகத்தில் வைத்து, இதயத் துடிப்பு முதல் முகச்சுளிப்பு வரை பதிவுசெய்தவர். குறைகூறல், இகழ்ச்சி, தற்காப்பு, மௌனச் சுவர் என்று அவர் அடையாளம் காட்டிய நான்கும் இன்று எல்லா ஆலோசனைக் கட்டுரைகளிலும் வருகின்றன. சில நிமிடப் பேச்சைப் பார்த்தே 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாக விவாகரத்தைச் சொல்லிவிடுவார் என்ற விளம்பரமும் கூடவே வருகிறது. அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. முடிவு தெரிந்த பிறகு அதே தரவிலிருந்து பொருத்திய சமன்பாட்டை, புதிய தம்பதிகளிடம் சோதிக்காமல் ஜோசியம் என்று சொல்ல முடியாது. ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேறு தரவில் வைத்துப் பார்த்தால் துல்லியம் சரிகிறது. காட்மனின் நுணுக்கமான கவனிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆய்வகத்துக்குள் தம்பதிகளின் பேச்சை மட்டும் எடுத்துப் பார்க்கும்போது, அவர்கள் வெளியே எதைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்கள் என்பது படத்தில் வருவதில்லை.

அந்த வெளிப்பாரத்தைத் தம்பதிகளின் பேச்சோடு சேர்த்துப் பார்த்தவர்களில் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் போடென்மன் (Guy Bodenmann) முக்கியமானவர். 1990-களிலிருந்து அவர் சொல்லிவருவது: நெருக்கடியை ஆளுக்கு ஆள் தனியாகச் சமாளிப்பதில்லை. ஒருவர் குறிப்பு கொடுக்கிறார், மற்றவர் அதைப் பிடிக்கிறார் அல்லது தவறவிடுகிறார். "இன்னிக்கு ரொம்ப மோசமான நாள்" என்பது தகவல் மாதிரி தெரிந்தாலும் ஓர் அழைப்பு. அதற்கு "என்னாச்சு?" என்றும் வரலாம், "உனக்கு மட்டுமா?" என்றும் வரலாம். நெருக்கடியை 'நம்ம பிரச்சினை' என்று எடுத்துக்கொள்ளும் ஜோடிகளின் உறவு மற்றவர்களுடையதைவிடத் திருப்தியாக இருப்பதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உதவி செய்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போல்ஜர், ஆடம் ஸக்கர்மன், ரொனால்ட் கெஸ்லர் மூவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பற்றியது. நியூயார்க்கில் வழக்கறிஞராவதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களது துணைகளும் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் நாட்குறிப்பு எழுதினார்கள். துணை "இன்று ஆதரவாக இருந்தேன்" என்று எழுத வேண்டும், படிப்பவர் "இன்று ஆதரவு கிடைத்தது" என்று எழுத வேண்டும். கிடைத்தது என்று படிப்பவர் எழுதிய நாட்களுக்குப் பிறகு அவருடைய மனச்சோர்வு குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது. கொடுத்ததாகத் துணை எழுதி, கிடைத்ததாகப் படிப்பவர் எழுதாத நாட்கள்தான் நன்றாக வேலை செய்தன. பாத்திரம் கழுவிக் கிடக்கிறது, தொலைபேசி அடிக்கவில்லை, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கவனத்துக்கே வரவில்லை. "நான் இருக்கேன், கவலைப்படாதே" என்று நெற்றியைத் தடவும்போது, நீ தடுமாறுகிறாய் என்ற செய்தியும் கூடவே போய்விடுகிறதாம். இதை வைத்து அன்பாகப் பேசவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்பவருக்கு இவர் நம்மைப் புரிந்துகொள்கிறார் என்று தோன்றினால், கண்ணுக்குத் தெரிகிற ஆதரவும் நன்மையே செய்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. பெற்றோர் சண்டை போட்டாலே பிள்ளை கெட்டுப்போகும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. மார்க் கம்மிங்ஸ் பல ஆண்டுகள் சிறுவர்களுக்குச் சண்டைக் காட்சிகளைக் காட்டி அவர்கள் எதிர்வினையை அளந்தார். சமாதானத்தில் முடிந்த சண்டையைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் சமாதானமாகி, முகம் தெளிந்து வெளியே வந்தாலும் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். தீராமல் தொங்குகிற சண்டையும், பேச்சே இல்லாத இறுக்கமும்தான் அவர்களை வாட்டின.

சரி, இத்தனையும் தெரிந்த பிறகு அரசாங்கங்கள் என்ன செய்தன? அமெரிக்க அரசு 2000-களில் ஏழைத் தம்பதிகளுக்குப் பேச்சுத்திறன் கற்றுக்கொடுக்கப் பெரும் பணத்தை ஒதுக்கியது. 8 இடங்களில், மணமாகாமல் குழந்தை பெற்ற அல்லது பெறவிருந்த 5,000-க்கும் மேற்பட்ட ஜோடிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சேர்ந்து வாழ்வதிலோ உறவின் தரத்திலோ சராசரியாக வித்தியாசமே இல்லை. 2012-இல் தாமஸ் டிரெய்லும் கார்னியும் 6,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கருத்தெடுப்பை வெளியிட்டார்கள். ஏழைகள் திருமணத்தை மதிப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பேச்சுவார்த்தை, வீட்டு வேலை, மாமியார் வீடு போன்ற தகராறுகளும் அவர்களிடம் அதிகமில்லை. அதிகமாக இருந்தவை பணம், குடி, போதைப்பொருள், விசுவாசமின்மை, நண்பர்கள் பற்றியவை. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

பாரத்தையே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்பாராமல் ஒரு சோதனை அமைந்தது. வடக்கு கரோலினாவின் மேற்குப் பகுதியில் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 1993 முதல் 1,420 சிறுவர்களின் மனநலத்தை ஆண்டுதோறும் பதிவு செய்துவந்தார்கள். அதில் கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடியினர். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் சூதாட்ட விடுதி ஒன்று திறந்தது. அதன் லாபத்தில் ஒரு பங்கு பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தது. யாரும் விண்ணப்பம் போடவில்லை, எந்த வகுப்பிலும் உட்காரவில்லை. 2003-இல் வெளியான கணக்கின்படி, வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், எதிர்த்துப் பேசுதல், ஒழுங்கு மீறல் போன்றவை எப்போதும் ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கே இறங்கிவிட்டன. ஏன் என்று தேடியபோது கிடைத்த முக்கியமான கண்ணி, பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்ததுதான். பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் பணத்துக்கு அசையவில்லை. அவை இருந்த அளவிலேயே இருந்தன.